கூலி கொடுத்துச் செய்யும் உத்தியோகம்

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவனிடம் கட்டுரை வேண்டுவோர் சங்க இலக்கியத்திலிருந்தோ திருமுறைகளிலிருந்தோ ஒரு பொருளை எதிர்நோக்கியே வேண்டுவர். மலர்க்குழுவினரும் அவ்வாறே வேண்டினர். யாமும் புறநானூற்றிற் காணும் நட்பைப் பற்றி எழுதித் தருவதாக வாக்களித்தோம். அவ்வாக்கினைக் காவாது விட்டமைக்குக் குழுவினர் எம்மைப் பொறுப்பாராக. எழுதுகோலை எடுக்குந்தோறும் வேறொரு பொருளே மனத்தில் வந்து நின்றது. அஃது இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைப் பற்றியது; இன்று இங்கமர்ந்து பௌதிகமும் கணிதமும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர் சிலரையும் நாளை பற்றக்கூடியது. ஆதலின் நட்பை மற்றொரு மலருக்கு ஒத்திவைத்து இதனை எழுதலானோம்.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் மாலை, எம்மிடம் ஆறாண்டு தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் தம் தந்தையாரோடு எமது இல்லத்துக்கு வந்தார். உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் பயின்றவர். பின்னர் இரத்மலானையில் விமானமோட்டும் பயிற்சி பெற்று, வர்த்தக விமானிக்குரிய அனுமதிப்பத்திரமும் பெற்றவர். புணரியல் கற்பிக்கும்போது யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தமைக்காக இவரை யாம் பன்முறை கடிந்ததுண்டு. வானத்தில் அவருக்கு உண்மையாகவே அலுவல் இருந்ததென்பது எமக்குப் பிற்காலத்திலேயே தெரிந்தது. தந்தையார் இலிகிதராயிருந்து இளைப்பாறியவர். அவர் ஒரு கடிதத்தை எம் கையில் தந்தார்.

பிறநாட்டு விமானக் கம்பனியொன்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் முகவர் ஒருவரது கடிதம் அது. இளைஞர் 30,000 டொலர் செலுத்திப் பயிற்சி பெறல் வேண்டும். பயிற்சி முடிந்தபின் மேலும் ஒரு தொகை செலுத்தி அக்கம்பனியின் விமானங்களில் 500 மணி நேரம் துணைவிமானியாகப் பறத்தல் வேண்டும். அக்காலத்தில் வேதனம் இல்லை. 500 மணி நேரமும் நிறைவுற்றபின் அவரை உத்தியோகத்திற் சேர்ப்பது பற்றி ஆராயப்படும். கடிதத்தின் சாரம் இவ்வளவே.

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளவை ஈடு வைச்சால் காசு பிரட்டலாம், மாஸ்ரர். கையெழுத்து வைக்கிறதோ, விடுறதோ? நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றார் தந்தையார். மகன் ஒன்றும் பேசாது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புணர்ச்சி விதியில் ஐயம் வினவியிருப்பின் உடனே விடை கூறியிருப்போம். இதற்கு இரண்டு வாரத் தவணை கேட்டோம். அவ்விரு வாரத்தில் யாம் வாசித்து அறிந்தவற்றையும், விமானத்துறையில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவரிடம் தொலைபேசியிற் கேட்டுத் தெளிந்தவற்றையும், அவற்றால் எமக்குத் தோன்றிய கருத்தையும் இங்கே வைக்கின்றோம். துறை எம்முடையதன்று. ஆயினும் தொழில் கற்றல், தொழில் செய்தல், கூலி பெறல் என்பன எல்லாத் துறைக்கும் பொதுவானவை.

விமானியாக விரும்பும் ஒருவர் மூவகைச் செலவுகளைக் கடந்து செல்கின்றார். முதலாவது அனுமதிப்பத்திரச் செலவு. சருவதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிப்படி, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஒருங்கிணைந்த பயிற்சியாயின் 150 மணி போதும். ஐரோப்பாவில் விமான சேவையிற் புக எண்ணுவோர் 13 பாடங்களில் எழுத்துப் பரீட்சையும் எழுதுதல் வேண்டும். பிரித்தானியாவில் இப்பயிற்சி முழுவதற்கும் 80,000 முதல் 120,000 பவுண் வரை செல்கின்றது. இந்தியாவிற் பெருங் கம்பனிகளோடு இணைந்த பயிற்சித் திட்டங்கள் ஒரு கோடி இந்திய ரூபாவை எட்டியும் கடந்தும் நிற்கின்றன.

இரண்டாவது, வகைத் தகுதி எனப்படுவது. மோட்டார்க் கார் ஓட்டப் பழகியவர் எந்தக் காரையும் ஓட்டலாம். விமானம் அத்தகையதன்று. எயர்பஸ் 320 ஆயினும் போயிங் 737 ஆயினும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே பயின்று அனுமதிப்பத்திரத்திற் பதிவு செய்வித்தல் வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி விமானத்தின் முன்னறையைப் போலவே அமைத்து நிலத்தில் நிறுத்திய சிமியுலேற்றர் என்னும் பொறியில் நடைபெறும். இதற்கு 20,000 முதல் 35,000 யூரோ வரை வேண்டும். 30,000 யூரோ என்பது இன்றைய மாற்று வீதத்தில் ஒரு கோடி இலங்கை ரூபாவைச் சூழ்ந்த தொகை.

மூன்றாவது, வழித்தடப் பயிற்சி. இது பொறியிலன்று, பயணச்சீட்டு வாங்கிய மக்களை ஏற்றிய விமானத்தில், பயிற்றுநரான தலைமை விமானிக்குப் பக்கத்தில், துணைவிமானியின் இருக்கையில் அமர்ந்து பறத்தலாகும். சில கம்பனிகளும் முகவர்களும் விலைக்கு விற்பது இவ்விருக்கையைத்தான்.

இச்செலவுகளை எவர் ஏற்பது என்பதில் உலகம் ஒரே வழியிற் சென்றதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் விமான சேவைகளுக்கு விமானிகளை அரசாங்கச் செலவிலே பயிற்றிக் கொடுத்தவை விமானப் படைகளே. அப்படைகளிலிருந்து வருவோர் தொகை சுருங்கியபோது, பிரித்தானியாவின் அரசுடைமை விமான சேவைகள் 1960 இல் ஹாம்பிள் என்னும் ஊரில் விமானப் பயிற்சிக் கல்லூரியொன்று கண்டு, பள்ளியிலிருந்து வந்த இளைஞரைத் தம் செலவிலே பயிற்றின. மலிவுக் கட்டண விமான சேவைகள் பெருகிய காலத்தில் நிலை மாறிற்று. அயர்லாந்தின் றையன்எயர் கம்பனி புதிய துணைவிமானிகளிடம் வகைத் தகுதிக்கென 30,000 யூரோவை அண்மிய தொகை வாங்கி வந்தமை பலரும் அறிந்தது. பணங்கொடுத்துப் பறக்கும் வழக்கம் ஐரோப்பாவிற் கவலைக்குரியதாக வளர்ந்தமையால், பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தார் விமானிகளின் தொழில்நிலை பற்றி 2015 இல் வெளியிட்ட ஆய்விலும் அஃது இடம் பெற்றது. பெருந்தொற்றுக்குப் பின் விமானிகள் அருகிய நிலையில் காற்றுச் சிறிது திசைமாறியுள்ளது. பிரித்தானிய எயர்வேசு 2023 இல் இளைஞர் சிலரை மீண்டும் முழுவதும் தன் செலவிலே பயிற்ற முன்வந்தது. ஆகவே, பயிற்சிச் செலவை இளைஞன் ஏற்பதே இயற்கை, வேறு வழியில்லை என்போர் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆள் மிகுந்த காலத்தில் இளைஞன் ஏற்கின்றான்; ஆள் அருகிய காலத்திற் கம்பனி ஏற்கின்றது. இதில் இயற்கை என்பதொன்றில்லை.

இனி எமது கருத்தைக் கூறுவோம். முதற் செலவை இளைஞரோ பெற்றோரோ ஏற்பதில் யாம் குறை காணவில்லை. கற்பவன் பொருள் கொடுத்துக் கற்றல் நம் மரபுக்குப் புதியதன்று. நன்னூலார் பொதுப்பாயிரத்திற் கற்பித்தற்குரியாரை எண்ணும்போது பெரும்பொருள் கொடுப்பவனையும் அவருள் ஒருவனாக எண்ணினார். 1945 இல் இலவசக் கல்வி வந்தபின் நம் நாட்டில் நாம் இதனை ஒருவாறு மறந்தோம். மறக்கக் கிடைத்தமை நமது பேறு. ஆயினும் அந்நூலாசிரியர் ஒன்றை விட்டுவிடவில்லை. பொருள் கொடுத்தவனுக்கு ஆசான் கற்பிக்கின்றான். ஆசானுடைய வயலை உழுதற்காக மாணாக்கன் ஆசானுக்குப் பொருள் கொடுத்தான் என்று எந்நூலும் கூறவில்லை. இங்கிலாந்திலும் முற்காலத்தில் மகனைத் தொழில் பயில விடும் தந்தை தொழில் வல்லானுக்கு ஒரு தொகை கட்டினான். அதற்கீடாக அவன் அப்பிள்ளைக்கு உணவும் உறையுளும் தந்து தொழிலையும் முற்றக் கற்பித்தல் வேண்டுமென ஒப்பந்தம் எழுதப்பட்டது. பணம் வாங்கியவன் தலையிற் கடமை விழுந்தது. எமக்குக் காட்டிய கடிதத்தில் முகவர் தலையில் யாதொரு கடமையும் விழவில்லை.

இரண்டாஞ் செலவு இடைப்பட்டது. வகைத் தகுதி விமானியின் பெயரிலேயே பதியப்படுவது. ஆதலால் அஃது அவர் சொத்து, அதற்கு அவரே பணம் கட்டட்டும் என்பர் கம்பனிக்காரர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அது காணியைப் போன்ற சொத்தன்று. மீனைப் போன்ற சொத்து. ஆண்டுக்கொரு முறை சோதனையிற் சித்தி பெற்றுப் புதுப்பியாவிடின் காலாவதியாகும். புதுப்பித்தற்கும் பணம் வேண்டும். அதுமட்டுமன்று. வகைத் தகுதி இருந்தும் அவ்வகை விமானத்திற் பறந்த அனுபவம் இல்லாதவரைப் பெரும்பாலான கம்பனிகள் ஏறெடுத்தும் பாரா. எனவே உத்தியோகம் உறுதியாகாமுன் வகைத் தகுதியை விலைக்கு வாங்குவோர், கதவு இல்லாத வீட்டுக்குத் திறப்பு வாங்குவோரை ஒப்பர். உத்தியோக ஒப்பந்தம் முதலிற் கையெழுத்தாகி, செலவில் ஒரு பகுதியை மாதந்தோறும் வேதனத்திற் கழிப்பதாயின், அதனை ஏற்கலாம் என்பதே எம் எண்ணம்.

பயிற்றிவிட்டபின் இளைஞர் வேறிடத்துக்குப் பாய்ந்துவிட்டால் எமது பணம் என்னாவது எனக் கம்பனிக்காரர் வினவுவர். இவ்வினாவை யாம் எளிதாகத் தள்ளவில்லை, பாய்வோர் உளர். ஆனால் இதற்கு மருந்து முன்னமே உண்டு. நம் அரசாங்க உத்தியோகத்தர் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை பெற்றுப் பிறநாடு செல்லும்போது பிணைமுறி எழுதிக் கொடுத்துச் செல்கின்றனர். திரும்பி வந்து குறித்த ஆண்டுகள் கடமை செய்யாவிடின் பணத்தைக் கட்டுதல் வேண்டும். விமானக் கம்பனிகளும் மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ இவ்வாறு முறி எழுதுவிக்கலாம். பல கம்பனிகள் எழுதுவிக்கின்றன. கடமை செய்த ஒவ்வோராண்டும் கடன் குறைந்து வருமாயின் அம்முறியில் அநீதி இல்லை. முறி எழுதுவதும் முற்பணம் கட்டுவதும் ஒன்றென நினைத்தல் தவறு. முறியிற் கம்பனியும் இளைஞரும் ஒருவரை ஒருவர் நம்பி நிற்கின்றனர். முற்பணத்தில் இளைஞர் மட்டுமே நம்பி நிற்கின்றார்.

மூன்றாஞ் செலவுக்கு வருவோம். அத்தகைய விமானத்தை ஓட்ட இருவர் வேண்டுமென்பது சட்டம். பணங்கொடுத்து அமர்ந்த இளைஞர் அவ்விருவருள் ஒருவர். அவர் இல்லையேற் கம்பனி வேறொருவருக்கு வேதனம் கொடுத்தே அவ்விருக்கையை நிரப்புதல் வேண்டும். ஆகவே அவர் செய்வது கல்வியோடு கூடிய வேலை. வேலை என்பதில் ஐயமில்லை. பின்னறையில் அமர்ந்த பயணியும் கட்டணம் கொடுத்தார். முன்னறையில் அமர்ந்து விமானத்தை ஓட்டுபவரும் கட்டணம் கொடுத்தார். புறநானூற்றில் ஓட்டுவான் இன்றிச் செல்லும் வானூர்தி பேசப்படுவதைப் பழைய மாணவர் நினைவுகூர்வர். ஓட்டுவானுக்கு வேதனம் கொடுக்க வேண்டாத அவ்வூர்தியையும் இக்கம்பனிகள் வென்றுவிட்டன. இங்கு ஓட்டுவானே வேதனம் கொடுக்கின்றான்.

நகை ஒருபுறமிருக்க, இதன் உள்ளிருக்கும் கணக்கை நோக்குக. 500 மணி நேரம் முடிந்ததும் அவ்விளைஞரை உத்தியோகத்திற் சேர்த்தாற் கம்பனிக்குச் செலவு. அவரை அனுப்பிவிட்டுப் பணத்தோடு வாயிலில் நிற்கும் அடுத்த இளைஞரை அமர்த்தினால் வரவு. வரவைத் தள்ளிச் செலவைக் கொள்ளும் கம்பனி எத்துணை நாள் நடக்கும்? "ஆராயப்படும்" என்னும் ஒரு சொல்லைக் கடிதத்தில் வைத்தவர் அதனை அறியாமல் வைக்கவில்லை.

இவ்விடத்தில் எமது வாழ்க்கையிலும் சிறிது கூறல் வேண்டும், கூறாவிடின் நேர்மையாகாது. யாம் இருபத்திரண்டாம் வயதிற் கிராமப் பாடசாலையொன்றிலே தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தோம். நான்காண்டு சம்பளம் இல்லை. காலையிற் பாடசாலை, மாலையில் ஒரு கொட்டிலிலே தனியார் வகுப்பு, சைக்கிளுக்கு ரயர் மாற்றவும் வீட்டில் அக்காவிடம் காசு கேட்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் நிரந்தர நியமனம் வருமென்னும் நம்பிக்கையிலே செய்தவை. நாலாம் ஆண்டில் ஒருநாள் அதிபர் எம்மைத் தனியே அழைத்து, "தமிழுக்கு ஆசிரியர் இல்லையென்று மேலிடத்துக்கு எழுதினால், தொண்டர் ஒருவர் இருக்கிறாரே என்று பதில் வருகிறது, தம்பி" என்றார். அன்றிரவு யாம் உறங்கவில்லை. எமக்குரிய வெற்றிடத்தை எமது உழைப்பே மூடி மறைத்துக் கொண்டிருந்தது. யாம் விலகியிருப்பின் வெற்றிடம் வெளிப்பட்டிருக்கும். ஆனால் அதற்கிடையிற் பிள்ளைகள் தமிழின்றி இருந்திருப்பர். விலகிய எமக்கே அவ்வெற்றிடம் கிடைத்திருக்குமென்பதற்கும் உறுதியில்லை. யாம் விலகவில்லை.

பின்னர் நியமனம் வந்தது. ஆசிரிய கலாசாலைக்கு அனுப்பப்பட்டோம். அங்கே இரண்டாண்டு வகுப்பில் அமர்ந்து குறிப்பெழுதினோம்; மாதந்தோறும் சம்பளம் வந்தது. நான்காண்டு கற்பித்தமைக்கு ஒரு சதமும் தராத அதே உலகம், இரண்டாண்டு கற்றமைக்கு முழுச் சம்பளம் தந்தது! இவ்விரண்டையும் ஓருடம்பால் நுகர்ந்தவர்கள் ஆதலின், பணங்கொடுத்துப் பறக்கும் இளைஞரை மூடரென்றோ தன்மானம் அற்றவரென்றோ கூற எமக்கு நாவெழாது. யாம் கொடுத்தது காலம்; அவர் கொடுப்பது காணி. வேறுபாடு அவ்வளவே.

இதனால், "நான் கொடாவிட்டால் வேறொருவன் கொடுத்துப் போய்விடுவானே" என்னும் மறுமொழியின் வலிமையையும் யாம் அறிவோம். ஒருவர் மறுத்தலால் வழக்கம் ஒழியாது. பலர் சேர்ந்து மறுப்பதற்கோ இளைஞர்கள் ஒருவரையொருவர் அறியார். பல நாட்டில் இருக்கின்றனர். வழக்கத்தை ஒழித்தல் அரசாங்கங்களின் கடன். பயணிகள் ஏறிய விமானத்திற் கடமை செய்பவர் எவரும் அக்கடமைக்காகப் பணம் செலுத்தலாகாது என ஒரு வரிச் சட்டம் போதும். சட்டம் பிறந்தால் உலகம் நிலைகுலைந்துவிடும் என்பார்க்கு ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றைக் காட்டலாம்.

2009 பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, அந்நாட்டின் பஃபலோ நகருக்கருகே கொல்கன் எயர் விமானமொன்று ஒரு வீட்டின்மேல் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விமானம் வேகங்குன்றி எச்சரிக்கை எழுந்தபோது தலைமை விமானி அதனைத் தவறாகக் கையாண்டமையே காரணமென விசாரணையில் முடிவாயிற்று. ஆயினும் அவ்விசாரணை வேறு சிலவற்றையும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. இளந் துணைவிமானி சிறு வேதனம் பெற்றவர், மேற்குக் கரையிலிருந்த தம் பெற்றோர் வீட்டிலிருந்து இரவு முழுவதும் விமானங்களிற் பயணஞ்செய்து கிழக்குக் கரைக்கு வந்தே அன்று கடமைக்குச் சென்றார், தடிமனும் பிடித்திருந்தது. தலைமை விமானியோ, தம் தொழிலின் தொடக்கத்திற் பணங்கட்டித் துணைவிமானி இருக்கையிற் பறக்கும் திட்டமொன்றின் வழியாக வந்தவர். மாண்டோர் குடும்பத்தினர் விடாது முயன்றமையால் 2010 இற் சட்டம் பிறந்தது. 2013 முதல் துணைவிமானிக்கும் சில விலக்குகளோடு 1,500 மணி நேரப் பறப்பு வேண்டுமென விதி வந்தது. அவ்விதி நன்றோ தீதோ என்பதில் அறிஞரிடையே இன்றும் வழக்குண்டு. இளைஞருக்கு வேறு வகையில் அது செலவைக் கூட்டியதும் உண்மை. ஆனால் ஆள் அருகியது. 2022 இல் அந்நாட்டுச் சிறு விமான சேவைகள் புதிய துணைவிமானிகளின் வேதனத்தைப் பெருமளவு உயர்த்தின. விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

பயணிகளின் உயிரைப் பற்றிய பேச்சு வந்தமையால் மற்றொன்றும் கூறுவோம். 2015 மார்ச் 24 இல் ஜேர்மன்விங்சு விமானமொன்றை அதன் துணைவிமானியே பிரான்சின் அல்ப்சு மலையில் மோதுவித்தார். தம்மோடு 150 பேர் இறந்தனர். அவர் கடும் மனநோய்க்கு ஆளாகியிருந்தார். அக்கொடுஞ் செயலுக்குக் கடனைக் காரணங்காட்டுதல் அறியாமையாகும். எனினும் 2016 இல் வெளிவந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை ஒன்றைக் குறித்தது: பயிற்சிக்கென அவர் 41,000 யூரோ அளவிற் கடன் பெற்றிருந்தார், அனுமதிப்பத்திரம் பறிபோனால் வருமான இழப்பை ஈடுசெய்யப் போதிய காப்புறுதி இருக்கவில்லை, நோயை வெளியிற் கூறாது மறைத்தற்கு அவ்வச்சமும் ஒரு துணையாயிற்று. விமானி என்பவர் 'இன்று எனக்கு உடல்நலமில்லை, யான் பறவேன்' என்று கூற வல்லவராயிருத்தல் வேண்டும். 'இவ்வானிலையில் இறங்குதல் தகாது' என்று தலைமை விமானியிடம் எடுத்துரைக்க வல்லவராயிருத்தல் வேண்டும். பணங்கட்டி மணிக்கணக்கை வாங்கியவர், வேதனமில்லாதவர், உத்தியோகம் உறுதியில்லாதவர், ஊரிலே காணி ஈட்டில் இருப்பவர் இவற்றைக் கூறுவாரா? கூறுவோரும் இருக்கலாம். அத்தகைய மனவலிமையை இருபத்துமூன்று வயதில் எல்லாரிடமும் எதிர்பார்த்தல் தகுமா என்பதே எமது வினா.

நம் நாட்டவருக்குரிய இடையூறு ஒன்று வேறு நாட்டார்க்கு அத்துணை இல்லை. நாம் ரூபாவில் உழைத்து டொலரிற் கட்டுகின்றோம். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. 30,000 டொலர் கட்டுவதாக மார்ச்சில் ஒப்பியவர் 60 இலட்சம் தேடினார். மே மாதத்திற் கட்டியவர் ஒரு கோடியே 8 இலட்சம் தேடினார். இடையில் அவர் ஒரு மணி நேரமும் கூடுதலாகப் பறக்கவில்லை. 2020 இற் பெருந்தொற்றால் விமானங்கள் நிலத்தில் நின்றபோதும் வட்டி நிற்கவில்லை. 2023 இல் இசுக்கொத்துலாந்தின் டண்டி நகரிலிருந்த விமானப் பயிற்சிப் பள்ளியொன்று முறிந்து, முற்பணம் கட்டிய மாணவர் நடுவழியிற் கைவிடப்பட்டனர். இவையெல்லாம் ஐந்தாண்டுக்குள் நிகழ்ந்தவை.

இரண்டு வாரஞ் சென்று தந்தையும் மகனும் மீண்டும் வந்தனர். இக்கடிதத்திற் கையெழுத்திட வேண்டாம் என்றோம். உத்தியோக ஒப்பந்தம் முன்னும் பணம் பின்னுமாக ஒரு கடிதம் வருமாயின், பயணிகளோடு பறக்கும் முதல் நாளிலிருந்தே வேதனம் என அதில் எழுதியிருக்குமாயின், இடையிற் கம்பனி விலக்கினாற் பணம் திரும்புமென்றும் இருக்குமாயின், அப்போது வளவைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முழு வளவையும் ஈடு வைக்க வேண்டாம் என்றோம். தந்தையார் பெருமூச்சு விட்டார். அஃது ஆறுதலோ வருத்தமோ யாம் அறியோம். மகன், "அப்ப நான் என்ன செய்யிறது, சேர்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அவரிடம் 200 மணி நேரப் பறப்பிருந்தது. அதனை மட்டும் வைத்துக்கொண்டு வாயிலில் நிற்போர் உலகெங்கும் ஆயிரக்கணக்கினர். இரத்மலானையிலே பயிற்றுநராகச் சேர்ந்து பிறரைப் பயிற்றுவதன் வாயிலாக மணிக்கணக்கைச் சேர்க்கலாமென விமானத்துறைப் பழைய மாணவர் ஒருவர் கூறியிருந்தார். அதனையே நாமும் கூறினோம். இளைஞர் முகம் வாடிச் சென்றார்.

மலரை வாசிப்போர் இதற்கு மேல் நிகழ்ந்ததையும் அறிதல் வேண்டும். அவரோடு ஒருங்கு பயின்ற மற்றோர் இளைஞர் அத்தகைய கடிதமொன்றிற் கையெழுத்திட்டுச் சென்றார், 500 மணி நேரமும் பறந்தார், உத்தியோகமும் பெற்றார். இன்று பெரிய விமானத்திற் பறக்கின்றார். எமது மாணவர் இன்னும் சிறு விமானத்திலேதான் பறக்கின்றார். சிறு வேதனம் பெறுகின்றார். ஏறக்குறைய 600 மணி நேரம் சேர்த்துள்ளார். யாம் கூறிய சொல்லால் அவருக்கு நட்டம் நேர்ந்ததோ என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு தந்தையார் அதே கடிதத்தோடு வரினும் யாம் கூறுவது அதுவாகவே இருக்கும்.

சென்ற மாதம் ஒரு மாணாக்கரைப் பலாலி வரை பறப்பித்துச் சென்றவிடத்து எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். 1947 இல் எயர் சிலோன் விமானம் சென்னைக்குப் போகும் வழியில் இறங்கிய அதே தளம். 2019 ஒக்டோபரிற் சருவதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. "இறங்கேக்கை எங்கடை பள்ளிக்கூடக் கூரை தெரிஞ்சது, சேர்" என்றார். அந்த மாணாக்கர் எவ்வாறு ஓட்டுகின்றார் என்று கேட்டோம். வெளியே பார்த்துக்கொண்டிருப்பது போதாது, உள்ளேயுள்ள கருவிகளையும் பார்க்க வேண்டும் என்று தாம் அவரைக் கடிந்து கொண்டதாகக் கூறினார். வளவின் உறுதி தந்தையாரின் பெட்டகத்தில் இருக்கின்றது.